வெளியேற்றப்படும் மக்களிடம் ஆய்வுக்குப் போகிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் மாணவர்களோடு குடியிருப்புகளுக்கு ஆய்வுக்குப் போய் வருவது என் வேலையில் பாதி. ஒவ்வோர் ஆண்டும் முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. மாணவர்கள் கேட்டவை, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் கேட்டவை, நாங்கள் போய் நின்ற தெருக்களில் குடியிருப்பவர்கள் எங்களைப் பார்த்துக் கேட்டவை எல்லாவற்றையும், கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். சுலபமானவை முதலில்.

இடப்பெயர்வுன்னா போர், வெள்ளம்னு ஊரை விட்டு ஓடுறதுதானே? அதுல கட்டட டிசைனுக்கு என்ன வேலை?

போரும் வெள்ளமும் ஒரு பகுதிதான். ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்குப்படி 2024 முடிவில் போர், வன்முறை, துன்புறுத்தல் காரணமாக வீடிழந்து வாழ்ந்தவர்கள் 12.32 கோடிப் பேர். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எல்லையே தாண்டவில்லை, சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறிக் கிடக்கிறார்கள். அணை, நெடுஞ்சாலை, சுரங்கம், நகரச் சீரமைப்பு என்று கிளப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி ஐ.நா. 1998-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தக்க பொதுநலன் இல்லாமல் பெரிய வளர்ச்சித் திட்டங்களுக்காக மக்களைக் கிளப்புவதையும் தன்னிச்சையான வெளியேற்றம் என்றே சொல்கின்றன.

டிசைன் இங்கேதான் உள்ளே வருகிறது. சாலை எந்த வீட்டின் மேல் போகும் என்று கோடு போடுவது ஒரு வடிவமைப்பாளர். கிளப்பியவர்களுக்கு எங்கே, எத்தனை மாடியில், எவ்வளவு அகலத்தில் வீடு என்று வரைவதும் ஒரு வடிவமைப்பாளர். இரண்டு மேசையும் சில சமயம் ஒரே அலுவலகத்தில் இருக்கும்.

வாடகை ஏறிப்போய் ஒருத்தர் வீடு மாறினா அதையும் வெளியேற்றம்னு சொல்லலாமா? அவராத்தானே போனார்?

சொல்லலாம். லண்டனில் உழைப்பாளிகள் இருந்த பகுதிகளுக்கு வசதியானவர்கள் குடிவந்து பழைய ஆட்கள் மெல்ல மறைந்துபோவதற்கு சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-இல் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயர் வைத்தார். அப்புறம் 1985-இல் நகரத் திட்டமிடல் அறிஞர் பீட்டர் மார்க்யூஸ் வெளியேற்றத்தை நாலாகப் பிரித்தார். ஒன்று, கடைசியாக இருந்தவர் நேரடியாகக் கிளப்பப்படுவது. இரண்டு, அதே வீட்டிலிருந்து அவருக்கு முன்பே ஒருவர்பின் ஒருவராகக் கிளப்பப்பட்டவர்களையும் சேர்த்து எண்ணுவது. மூன்று, முன்பு வந்து குடியேறியிருக்கக்கூடியவர் இப்போது வரவே முடியாமல் போவது. நாலாவது, தெரிந்தவர்களும் பழகிய கடைகளும் போய்விட்ட தெருவில் மிஞ்சியவர் மேல் விழும் நெருக்கடி.

ஆய்வு செய்பவருக்கு இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. போனவர்கள் அங்கே இல்லை. நீங்கள் நோட்டோடு போய்க் கதவைத் தட்டினால் திறப்பது தாக்குப்பிடித்தவர்களும் புதிதாக வந்தவர்களும்தான். அதை வைத்து "பெரிய பாதிப்பு இல்லை" என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம், பலர் எழுதியும் இருக்கிறார்கள்.

மாணவர்கள் உண்மையிலேயே என்னதான் செய்றாங்க? தெர்மோகோல் மாடலா?

மாடலும் உண்டு. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மாக்பியும் டி. கே. ரூத்தும் 1993-இல் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோவில் மாணவர்கள் அலபாமாவின் கிராமப் பகுதிக்கே போய்த் தங்கி, குடியிருக்கத்தக்க நிஜ வீடுகளைக் கட்டுகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட் தொடங்கிய எவிக்‌ஷன் லேப் நீதிமன்றப் பதிவுகளைத் திரட்டி, வாடகைதாரர்கள் எங்கே எவ்வளவு வெளியேற்றப்படுகிறார்கள் என்று எண்ணுகிறது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் 2010 முதல் இயங்கும் ஃபோரன்சிக் ஆர்கிடெக்சர் குழு, இடிபாடுகளையும் காணொளிகளையும் வைத்து நடந்ததை மறுபடி கட்டிக்காட்டிச் சாட்சியமாக்குகிறது.

என்னைக் கேட்டால், அதிகம் பயன்படுவது பார்க்கச் சப்பென்று இருக்கும் வேலைதான்: எண்ணுவது, அளப்பது, பெயரும் தேதியும் போட்டு வைப்பது. மும்பையில் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த 1985-இல், ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பும் அந்த மக்களும் சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். வந்து போகும் கூட்டம் என்று சொல்லப்பட்டவர்கள் அங்கேயே பல ஆண்டுகளாக வேலை செய்து, குடும்பம் நடத்தி வாழ்பவர்கள் என்பது ஏட்டில் ஏறியது. கென்யாவின் நைரோபியில் உள்ள கிபேரா குடிசைப் பகுதி அரசின் அதிகாரப்பூர்வ வரைபடங்களில் கிட்டத்தட்ட வெற்றிடமாகவே கிடந்தது, 2009-இல் அங்கிருந்த இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அதை வரைந்தார்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு எடுத்துப் போகக் கையில் ஒரு தாள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

பேராசிரியர் ஆய்வுக்கும் மாணவர் ஆய்வுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?

காலம்தான் வித்தியாசம். ஆப்பிரிக்காவின் ஜாம்பேசி ஆற்றில் காரிபா அணை கட்டியபோது சுமார் 57,000 குவெம்பே டோங்கா மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். மானுடவியலாளர்கள் எலிசபெத் கோல்சனும் தேயர் ஸ்கடரும் 1956-இல், அதாவது அவர்கள் கிளப்பப்படுவதற்கு முன்பே போய், அதே குடும்பங்களை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். முதல் சில ஆண்டுகள் கஷ்டம். அப்புறம் அறுபதுகளில் மீன்பிடி, பள்ளிக்கூடம், விவசாயம் என்று நிலைமை தேறியது. எழுபதுகளின் நடுவில் மறுபடி சரிந்தது, சரிந்தது சரிந்ததுதான். அந்த நல்ல ஆண்டுகளில் மட்டும் ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் மறுகுடியமர்வு வெற்றி என்று எழுதியிருப்பார். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

செமஸ்டர் நாலு மாதம். நாலு மாதத்தில் மாணவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு புகைப்படம், ஆசிரியர் பத்துப் பதினைந்து ஆண்டு அதே இடத்தில் நின்றால்தான் அந்தப் படங்களை வரிசையாக அடுக்க முடியும். வருடத்துக்கு ஓர் இடம் என்று ஸ்டூடியோவை, அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்பை, மாற்றிக்கொண்டே இருக்கும் துறைகளுக்கு இது கிடைக்காது. அவர்கள் இடம் மாற்றுவதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் "மாணவர்களுக்குப் போரடிக்கும்" என்பதுதான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நல்லா டிசைன் பண்ணிக் கொடுத்தா ஜனங்க சந்தோஷமா குடிபோவாங்க, அப்படித்தானே?

எகிப்தில் லக்சர் அருகே பழங்காலக் கல்லறைகளின் மேலேயே ஒரு ஊர் இருந்தது, குர்னா. கல்லறைப் பொருள்கள் திருடு போவதை நிறுத்த ஊரையே இடம் மாற்றத் தொல்பொருள் துறை முடிவு செய்தது. 1945-இல் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தியிடம் வேலை வந்தது. மண் செங்கல், குவிமாடம், முற்றம், காற்றோட்டம் என்று இன்றைக்கும் கட்டடக்கலை வகுப்புகளில் காட்டப்படும் அழகான ஊர் புதிய குர்னா. பெரும்பாலான மக்கள் குடிபோக மறுத்துவிட்டார்கள். ஒரு பகுதி கட்டியதோடு வேலை நின்றது. அவர்கள் பிழைப்பு அந்தக் குன்றில், கல்லறைகளையும் அதைப் பார்க்க வருபவர்களையும் சுற்றி இருந்தது. குவிமாடம் என்றாலே அவர்களுக்குக் கல்லறை நினைவுதான் வந்தது என்று ஒரு விமர்சனமும் உண்டு, எனக்கு அது இரண்டாம்பட்சமாகவே படுகிறது. அவர்கள் ஏன் போகவேண்டும் என்ற கேள்வி வரைபடத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தது, அவர்களைக் கேட்காமலேயே.

எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 11 மாடியில் 33 கட்டடங்களாக எழுந்த ப்ரூட்-ஐகோ அரசுக் குடியிருப்பை 1972-இல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கினார்கள். எல்லாப் பழியும் டிசைன் மேல் போட்டார்கள். பராமரிப்புக்குக் குடியிருப்பவர்களின் வாடகையைத்தான் நம்பியிருந்தது, நகரமோ ஆளும் வேலையும் இழந்துகொண்டிருந்தது, லிஃப்ட் ரிப்பேர் செய்யக்கூடக் காசில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஜன்னலையும் நடைக்கூடத்தையும் மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

அப்போ பிரச்சினை டிசைன்ல இல்ல, அரசியல்ல. நாங்க எதுக்கு வரையணும்?

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டது. நல்ல கேள்வி, ஆனால் அவசர முடிவு. சிலியின் இகிகே நகரில் கிந்தா மொன்ராய் என்று ஓர் இடம், கிட்டத்தட்ட நூறு குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருந்த நகர மையம். ஒரு குடும்பத்துக்கு அரசு மானியம் 7,500 டாலர், நிலம் வாங்குவதும் கட்டுவதும் அதற்குள்ளேயே. அங்கே நிலத்தின் விலையோ அந்த மாதிரி வீட்டுத்திட்டங்கள் வழக்கமாகத் தருவதைப் போல மூன்று மடங்கு. வழக்கமான தீர்வு எல்லோரையும் ஊருக்கு வெளியே தள்ளுவதுதான். கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமெண்டல் குழு பணத்தை முதலில் நிலத்தில் போட்டது, மிஞ்சியதில் பாதி வீடு மட்டும் கட்டியது: குளியலறை, சமையலறை, மாடிப்படி, உறுதியான சுவர், பக்கத்தில் காலி இடம். மீதியைக் குடும்பங்கள் முடிந்தபோது கட்டிக்கொண்டன.

கவனித்தால், இங்கே டிசைன் என்பது சுவர் வரைந்ததில் இல்லை, மக்கள் நகர மையத்திலேயே இருக்கட்டும் என்று கணக்குப் போட்டு வழி கண்டதில் இருக்கிறது. "பாதி வீடு கொடுத்துவிட்டு அரசு கை கழுவுகிறது" என்ற விமர்சனமும் உண்டு, அதையும் சேர்த்தே படியுங்கள்.

வீடு கொடுத்தாச்சு, பணமும் கொடுத்தாச்சு. அதுக்கு மேல என்ன இழப்பு இருக்கு?

மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர் உலக வங்கியில் இருந்தபடி பல நாட்டு மறுகுடியமர்வுகளைப் பார்த்து எட்டு ஆபத்துகளைப் பட்டியலிட்டார்: நிலம் போவது, வேலை போவது, வீடு போவது, ஒதுக்கப்படுவது, உணவு உறுதியில்லாமல் ஆவது, நோயும் சாவும் கூடுவது, மேய்ச்சல் நிலம், நீர்நிலை போன்ற பொதுச் சொத்து எட்டாமல் போவது, உறவும் அண்டை அயலும் சிதறுவது. வீடு என்பது எட்டில் ஒன்று. இழப்பீட்டுக் கணக்கில் பெரும்பாலும் முதல் மூன்று மட்டும்தான் ஏறும், அதுவும் காகிதம் வைத்திருப்பவர்களுக்கு.

கடைசி ஆபத்தைத்தான் மாணவர்கள் நன்றாக வரைந்து காட்ட முடியும். குழந்தையை யார் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள், கைமாற்று யாரிடம் வாங்குகிறார்கள், வயதானவரை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று கேட்டு, வீட்டுக்கு வீடு கோடு இழுத்தால் ஒரு வலை தெரியும். அப்புறம் அதே வீடுகளைப் புதுக் கட்டடத்தில் ஒதுக்கியபடி வைத்து அதே கோடுகளை இழுத்துப் பாருங்கள். குலுக்கல் முறையில் ஒதுக்கியிருந்தால் கோடுகள் கட்டடம் முழுக்கத் தாறுமாறாக ஓடும். அமெரிக்காவில் பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியை நகரச் சீரமைப்புக்காக இடித்த பிறகு அங்கிருந்தவர்களைச் சந்தித்த உளவியலாளர் மார்க் ஃபிரைட், அவர்கள் படும் வேதனை சாவு வீட்டுத் துக்கம் போலவே இருக்கிறது என்று 1963-இல் எழுதினார். பல வீடுகள் பழசு, வசதி குறைவு. ஆனாலும் அழுதார்கள்.

முகாம்னா தற்காலிகம்தானே? ஒரு நல்ல கூடாரம் வடிவமைச்சா போதாதா?

ஜோர்டானில் சிரிய அகதிகளுக்கான ஜாத்தாரி முகாம் 2012 ஜூலையில் திறந்தது. வந்தவர்கள் வரிசையில் வைத்த கேரவன் என்ற பெட்டி வீடுகளை இழுத்துச் சேர்த்து முற்றம் அமைத்தார்கள், முக்கியத் தெரு முழுக்கக் கடை வைத்தார்கள், கேரவனையே வாங்கி விற்றார்கள். முகாம் பத்தாண்டைத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் வடிவமைப்புப் போட்டிக்கு மடிக்கும் கூடாரம் ஒன்று வரும்போது எனக்கு இந்தத் தெருதான் ஞாபகம் வரும்.

பொருளைப் பற்றியும் சொல்கிறேன். ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் என்பது நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் அளவுகோல், ஐக்கியா அறக்கட்டளை ஆதரவில் வந்த பெட்டர் ஷெல்டர் என்ற தற்காலிக வீடு 17.5 சதுர மீட்டர், ஐந்து பேர் கணக்கு. பரிசெல்லாம் வாங்கியது. ஆனால் 2015-இல் சூரிச் நகரம் தீப்பாதுகாப்புக் காரணம் காட்டி வேண்டாம் என்றது. ருவாண்டா அகதிகளுக்குக் கூடாரத்துக்கென்று கொடுத்த அலுமினியக் கம்பி விற்கப்பட்டு, கூடாரக் காலுக்கு மரம் வெட்டப்பட்டது. ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் கூடாரக் காலுக்குக் காகிதக் குழாயைத் தேடிப் போனது இந்த இடத்தில்தான். பொருள் அங்கே என்ன விலைக்குப் போகும் என்பதும் டிசைன் கேள்விதான்.

மக்கள் பங்கேற்புன்னு ஒரு கூட்டம் போட்டு கலர் சீட்டு ஒட்டச் சொல்றோம். அது போதுமா?

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969-இல் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வைத்தார். கீழ்ப்படியில் ஏமாற்று, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரம், தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுவில். கலர் சீட்டு நடுப்படி. உங்கள் கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் ஏதாவது நிற்குமா?

நாலு வருஷத்துல நாலு காலேஜ் வந்து அதே கேள்வியைக் கேட்டுட்டுப் போயிருச்சு. எங்களுக்கு என்னம்மா கிடைச்சுது?

ஒரு பாட்டி கேட்டது. என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புதான் கேட்டேன். முந்தைய நாலு குழுவும் சேகரித்தவை எங்கே என்று தேடினோம், ஒன்றின் அறிக்கை மட்டும் கிடைத்தது. அதைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அப்போதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: புதிதாக எதுவும் கேட்குமுன் பழையவற்றைத் தேடி எடுத்து அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, அதில் இருக்கும் கேள்வியை மறுபடி கேட்காமல் இருப்பது. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017-இல் தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். அப்படி ஒரு தாளை நீட்டும் தெரு வந்தால் நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை எங்கள் மாணவர்கள் கற்பனையாக வரைந்த மாற்றுக் குடியிருப்புப் படத்தைத் தெருவில் மாட்டினார்கள், நல்ல எண்ணத்தோடுதான். "எல்லாம் முடிவாயிடுச்சு, படமே வந்துடுச்சு" என்று அன்று சாயங்காலமே பேச்சுப் பரவி, இரண்டு குடும்பம் அவசரமாக வேறு இடம் பார்க்கப் போய்விட்டது. அனுமதி கொடுத்தது நான். இப்போது வீடு வரைந்த படம் எதையும் மக்கள் குழு பார்த்துச் சரி சொல்லாமல் வெளியே எடுப்பதில்லை.

நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துட்டா எல்லாம் சரிதானே?

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் அந்தக் குழுக்கள் பலவற்றுக்கு அடிப்படையான, அமெரிக்காவின் 1979 பெல்மாண்ட் அறிக்கை தனிமனிதரைக் காக்க எழுதப்பட்டது. படிவத்தில் ஒருவர் கையெழுத்துப் போடுவார், ஆனால் நீங்கள் வரைவது தெரு முழுவதையும். கிபேரா கதையில் வரைபடம் மக்களுக்கு உதவியது, அதே வரைபடம் அகற்ற நினைப்பவர் கையில் எத்தனை வீடு, எந்தச் சந்து என்று சொல்லிக்கொடுக்கும் கருவி. எங்கே விலை ஏறப்போகிறது என்று எச்சரிக்கும் ஆய்வு வரைபடத்தை வாடகைதாரர் சங்கமும் பார்க்கும், நிலம் வாங்குபவரும் பார்ப்பார். ஆகவே எதை வெளியிடுவது என்பதோடு எதை வெளியிடாமல் மக்களிடம் மட்டும் விட்டுவருவது என்பதையும் ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

நாங்க பூங்கா போடுறோம், வாய்க்கால் சுத்தம் பண்றோம். நல்ல காரியத்துலயும் வெளியேற்றம் வருமா?

வரும், சில சமயம் இன்னும் வேகமாக. நியூயார்க்கில் பழைய ரயில் பாலத்தைப் பூங்காவாக்கி 2009-இல் திறந்த ஹை லைன் சுற்றுவட்டாரத்தின் விலையைத் தூக்கிவிட்டது. இரண்டாவது பதிலில் சொன்ன மூன்றாம், நாலாம் வகைகளை இங்கே அப்படியே பார்க்கலாம்.

புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கான்யோ மார்ட்டின் பேன்யா கால்வாய்க் கரை மக்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். கால்வாய் தூர் வாராததால் மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும், தூர் வாரினால் விலை ஏறி வீடே போய்விடும். 2002-க்கும் 2004-க்கும் நடுவில் 700-க்கும் மேற்பட்ட கூட்டங்கள், செயல்பாடுகள் நடத்தி, சுமார் 200 ஏக்கரைச் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் கொண்டுவரும் சட்டத்தை வாங்கினார்கள். நிலம் அறக்கட்டளையுடையது, வீடும் அங்கே இருக்கும் உரிமையும் குடும்பத்துடையது. கால்வாயைத் தொடும் முன் நிலத்தைப் பூட்டினார்கள். ஸ்டூடியோ திட்டங்களில் இந்த வரிசை எப்போதும் தலைகீழாகவே இருக்கிறது.

கடல் ஏறுது, சுரங்கம் இடியுது. போயே ஆகணும்னா அப்போவும் எதிர்க்கணுமா?

போயே ஆகவேண்டிய இடங்கள் உண்டு. ஸ்வீடனின் கிருனா நகரம் இரும்புச் சுரங்கத்தால் அடியில் வெடிப்பு விழுந்து சில கிலோமீட்டர் கிழக்கே நகர்கிறது. 2025 ஆகஸ்டில் மரத்தால் ஆன தேவாலயத்தையே முழுசாகச் சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் லூசியானாவின் ஐல் டி ஜீன் சார்ல்ஸ் தீவு 1955-இலிருந்து நிலத்தில் ஏறக்குறைய 98 சதவீதத்தை இழந்துவிட்டது. அங்கிருந்த பழங்குடி மக்கள் தாங்களே பல ஆண்டு திட்டம் போட்டிருந்தார்கள், 2016-இல் 4.8 கோடி டாலர் கூட்டாட்சி நிதியும் வந்தது. பிறகு திட்டம் மாநில அரசின் கைக்குப் போயிற்று, 2022-இல் வீடுகள் வந்தபோது பழங்குடித் தலைமை இது எங்கள் திட்டமே இல்லை என்றது. போவது என்று முடிவான பிறகும் யார் வரைகிறார்கள், சாவி யார் கையில் என்ற சண்டை தீர்வதில்லை.

மறுகுடியமர்வுத் திட்டத்துக்கு நம்ம துறையையே ஆய்வு பண்ணித் தரச் சொல்றாங்க. பணமும் வருது. ஒத்துக்கலாமா?

முதலில் ஒரு விஷயம்: பல்கலைக்கழகங்களே அக்கம்பக்கத்து மக்களின் இடத்தில் கைவைக்கப் போயிருக்கின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெம் குடியிருப்புப் பகுதியின் ஓரத்தில் பொதுப் பூங்காவுக்குள் உடற்பயிற்சிக் கூடம் கட்டப் போய், 1968-இல் அக்கம்பக்கத்தவரும் மாணவர்களும் எதிர்த்து நின்று அது கைவிடப்பட்டது. வாசலில் நிற்கும்போது நாம் யார் பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று மக்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

ஒத்துக்கொள்வதா என்பதற்கு நான் மூன்று நிபந்தனை வைக்கிறேன். இருக்கும் இடத்திலேயே வைத்துச் சரிசெய்யும் மாற்று வழியும் ஆய்வில் சேரவேண்டும், இடம் மாற்றுவது மட்டும் அல்ல. செர்னியா சொன்ன எட்டையும் எண்ணவேண்டும். அறிக்கை பணம் கொடுத்தவருக்குப் போகும் அதே நாளில், புரியும் மொழியில், குடியிருப்பவர்களுக்கும் போகவேண்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டுவார்கள். மூன்றாவதைச் சொன்னதும் "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்பார்கள், அப்புறம் பெரும்பாலும் போன் வராது.